விஷமுள்ளை வெட்டிவிட்டால் மீதியெல்லாம் மீன்தான்

மீன் விஷயத்தில் தூத்துக்குடிக்காரர்களுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. எனக்கு அது கூடுதலாகவே உண்டு. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்குகிற ஆளைக் கண்டால் பரிதாபமாக இருக்கும். அப்படிப்பட்டவள் கல்யாணமாகி ஃபுளோரிடாவுக்கு வந்து, அரை மணி நேரத் தொலைவில் கடலை வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் தாள் சுற்றிய சால்மன் துண்டில் குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். சால்மன் இந்தக் கடலில் இருக்கிற மீனே கிடையாது. நார்வேயிலோ சிலியிலோ பண்ணையில் வளர்ந்து, விமானம் ஏறி வருவது. புளிக்குழம்பில் போட்டால் எண்ணெய் கக்கும். வீட்டுக்காரர் சேலத்துக்காரர், அவருக்கு அதுவே அமிர்தம்.

சரி, இந்த ஊர் மீனாக வாங்கலாம் என்று விசாரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம். கலவா வகைகளை அட்லாண்டிக் பக்கம் ஜனவரி முதல் ஏப்ரல் கடைசி வரை பிடிக்கக் கூடாது. சிங்கி இறாலுக்கு வழக்கமான சீசன் ஆகஸ்ட் 6 முதல் மார்ச் 31 வரை. நசாவ் கலவாவைத் தொடவே கூடாது. மற்றதற்கெல்லாம் இத்தனை அங்குல நீளம், ஆளுக்கு இத்தனை உருப்படி, கையில் உரிமம். இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நம்ம ஊரிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தானே நிற்கின்றன. மீன் விலை ஏறுகிறது என்று அம்மா புலம்பினாலும் அந்தத் தடை ஏன் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இத்தனை சட்டத்துக்கு நடுவே ஒரே ஒரு மீனுக்கு மட்டும் எதுவும் கிடையாது. சீசன் இல்லை, அளவு இல்லை, எண்ணிக்கை இல்லை. சாதாரண ஆள் கைஈட்டியோ கைவலையோ கொண்டு பிடித்தால் உரிமம்கூட வேண்டாம். பிடித்ததைத் திரும்பக் கடலில் விடாதே என்று மாநில அரசே கெஞ்சுகிறது. அதுதான் லயன்ஃபிஷ் என்கிற சிங்கமீன். மீன்தொட்டிக் கடைகளில் பார்த்திருப்பீர்கள்: செங்காவியும் வெள்ளையுமாக உடம்பெல்லாம் வரி, இரண்டு பக்கமும் விரிந்து நிற்கும் துடுப்பு, முதுகில் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் முள். அவசரமே இல்லாமல் நீந்தும். அழகுக்காகத்தான் அமெரிக்காவுக்கு அதை இறக்குமதி செய்தார்கள்.

எனக்கு அதை அறிமுகப்படுத்தியவர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு கியூபாக்காரர். வாரநாளில் வரவுசெலவு பார்ப்பார், வாரக்கடைசியில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவார். ஒரு திங்கட்கிழமை, கையில் கட்டோடு வந்து உட்கார்ந்தவரிடம் என்ன ஆச்சு என்று கேட்டதில் ஆரம்பித்தது. பேச்சு வளர்ந்து, கடைசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஐஸ் பெட்டியோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். “நீ மீன் ஊர்க்காரி என்கிறாயே, இதைச் சமைத்துக் காட்டு” என்பது பந்தயம்.

அன்றைக்கே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு மீனைக் காட்டினேன்.

“ஏட்டி, அத எதுக்குட்டி வீட்டுக்குள்ள கொண்டாந்த? முள்ளு குத்துனா கை வீங்கிரும்லா. மாமா வலையில எப்பவாச்சும் வரும், குச்சிய வச்சுத் தள்ளி விட்ருவாவ.”

அம்மாவுக்குத் தெரிந்திருந்ததில் ஆச்சரியம் இல்லை. இந்த மீனின் சொந்த ஊரே நம்ம பக்கம்தான். இங்கே வந்து சேர்ந்தவை இரண்டு இனம். ஒன்று பசிபிக் பக்கத்து டெரோயிஸ் வோலிடன்ஸ்; இங்கே பெரும்பாலும் அதுதான். இன்னொன்று இந்தியப் பெருங்கடலின் டெரோயிஸ் மைல்ஸ். மன்னார் வளைகுடாவின் பார்களில், அதாவது கடலடிப் பவளத் திட்டுகளில், இவை ஆதிகாலத்திலிருந்தே இருக்கின்றன, ஒரு தொல்லையும் இல்லை. அங்கே அதைத் தின்பதற்கும் ஆள் உண்டு, அதைக் கண்டு ஒதுங்கத் தெரிந்த குட்டி மீன்களும் உண்டு. அட்லாண்டிக்கில் இரண்டும் இல்லை என்பதுதான் பிரச்சினை.

ஃபுளோரிடாவில் முதலில் பதிவானது 1985 இல், டேனியா பீச் கடலோரத்தில். அதன் பிறகு 1992 இல் ஆண்ட்ரூ புயல் கரையோரத்தில் ஒரு மீன்தொட்டியை உடைத்து, ஆறு மீன்கள் பிஸ்கேன் விரிகுடாவுக்குள் போய்விட்டன என்று ஒரு கதை ரொம்ப நாள் உலவியது. இன்னமும் படகுக்காரர்கள் அதைச் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் புயலுக்கு ஏழு வருஷம் முன்பே மீன் கடலில் இருந்திருக்கிறதே. தொட்டியில் வளர்த்து, அது மற்ற மீனையெல்லாம் தின்று பெருத்ததும், கொல்ல மனசு வராமல் கடலில் கொண்டுபோய் விட்டவர்கள்தான் இதற்குக் காரணம். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. உயிரோடிருக்கும் சிங்கமீனை ஃபுளோரிடாவுக்குள் இறக்குமதி செய்யக் கூடாது என்று தடை வந்தது 2014 இல். அதற்குள் வடக்கே கரோலினா, பெர்முடா, கிழக்கே பஹாமாஸ், தெற்கே கரீபியன் முழுக்க, மேற்கே மெக்ஸிகோ வளைகுடா என்று எல்லாம் முடிந்துவிட்டது. அதே 2014 இல் பிரேசில் கரையிலும் ஒன்று அகப்பட்டது.

ஒரு பெண் மீன் வருஷத்துக்கு இருபது லட்சம் முட்டை வரை இடும். சில நாளுக்கு ஒரு தடவை, வருஷம் முழுக்க. ஒரு வயசு நிறைவதற்குள்ளேயே முட்டையிடத் தொடங்கிவிடும். முட்டைகள் வழுவழுப்பான ஒரு பசைக்குள் இருந்து மிதந்து, நீரோட்டம் போகிற பக்கமெல்லாம் போகும்.

தின்பதோ அதைவிட மோசம். வயிறு வழக்கமான அளவைப் போல முப்பது மடங்கு விரியும். துடுப்பை இரண்டு பக்கமும் விரித்துக் குட்டி மீனை ஒரு மூலைக்குத் தள்ளும். அப்புறம் வாயால் தண்ணீரை ஊதும். என்ன ஊதுகிறது என்று அந்தக் குட்டி திரும்பிப் பார்க்கும், முகத்துக்கு நேரே வாய் திறந்திருக்கும். பஹாமாஸில் சின்னச் சின்னப் பார்களில் சிங்கமீனை விட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2008 இல் வந்தது. ஐந்து வாரத்தில், அந்தப் பார்களில் புதிதாக வந்து சேரும் குட்டி மீன்கள் 79 சதவீதம் குறைந்துபோயின. அங்கேயே 2008 முதல் 2010 வரை பார்த்த இன்னோர் ஆய்வில், இது இரையாகப் பிடிக்கும் மீன்களின் மொத்த எடை 65 சதவீதம் சரிந்திருந்தது.

இதற்கும் பவளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டுக்காரர் கேட்டார். நல்ல கேள்விதான், ஏனென்றால் சிங்கமீன் பவளத்தைத் தொடுவதே இல்லை. அது தின்னும் குட்டிகளில் கிளிமீன் குட்டி உண்டு. கிளிமீன்தான் பாரில் படரும் பாசியைச் சுரண்டித் தின்று இடத்தைச் சுத்தமாக வைக்கிறது. கரீபியனில் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்த கறுப்பு முள்ளெலிகள், அதாவது நீண்ட முள் உள்ள கடல் முள்ளெலிகள், 1983–84 இல் நோய் வந்து கூட்டம் கூட்டமாகச் செத்துவிட்டன. ஆக, பாசியைத் தின்ன மிச்சம் இருப்பது பெரும்பாலும் மீன்தான். அந்த மீனின் குஞ்சுகளையும் ஒருத்தன் உட்கார்ந்து காலி செய்தால் பாசி பவளத்தை மூடிவிடும், புதுப் பவளக்குஞ்சு ஒட்டி வளர இடமே இருக்காது.

இதையெல்லாம் நான் பெரிய கடல் காப்பாளர் மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊரில் ஒரு காலத்தில் பவளத்தை வெட்டியெடுத்துச் சுண்ணாம்பு சுட்டார்கள், கட்டடம் கட்டினார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் தண்ணீருக்குள் மூழ்கிப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த ஊரிலிருந்து வந்து அமெரிக்காக்காரனுக்குப் பவளப் பாடம் எடுக்க எனக்கு அருகதை இல்லை. மீன் வெட்டப் பாடம் எடுக்கலாம், அதற்கு உண்டு.

தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்த அருவாமனை இருந்தாலும் இதற்கு அது சரிப்படாது. கனமான சமையலறைக் கத்தரிக்கோல் வேண்டும். ஒரு கையில் முள் துளைக்காத தடித்த உறை. விஷமுள் மொத்தம் பதினெட்டு: முதுகில் 13, வயிற்றுத் துடுப்பில் பக்கத்துக்கு ஒன்றாக 2, வாலுக்கு முன்னால் அடிப்புறத்தில் 3. பார்க்கப் பயமுறுத்தும் அந்தப் பெரிய பக்கத் துடுப்பில் விஷமே கிடையாது. முதல் தடவை நான் அதைத்தான் தொடப் பயந்தேன், கணக்கர் சிரித்தார்.

முள்ளைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். ஒவ்வொரு முள்ளிலும் நீளவாக்கில் இரண்டு பள்ளம் ஓடுகிறது, அதற்குள்தான் விஷத் திசு. மேலே மெல்லிய தோல் உறை. முள் கையில் ஏறும்போது அந்த உறை கீழே சுருண்டு, திசு கிழிந்து, விஷம் பள்ளத்தின் வழியே காயத்துக்குள் இறங்கும். மீன் வேண்டுமென்று பீய்ச்சுவதில்லை, நாம் அழுத்துகிற அழுத்தம்தான். அதனால் மீன் செத்திருக்கிறது, ஐஸில் உறைந்திருக்கிறது என்று அசட்டையாக இருக்க முடியாது. செத்த மீனின் முள்ளும் அதே வேலையைச் செய்யும். தலையை என் பக்கம் வைத்து, உறை போட்ட கையால் தாடைப் பக்கம் பிடித்து, வாலிலிருந்து தலைப் பக்கமாக முதுகு முட்களை ஒவ்வொன்றாக அடியோடு வெட்டுவேன். வெட்டிய முள்ளைக் குப்பைப் பையில் நேராகப் போடக் கூடாது. பையைத் தூக்குகிறவர் காலில் குத்தும். பழைய தடித்த டப்பாவில் போட்டு மூடிவிடுகிறேன்.

பதினெட்டும் போன பிறகு பலகையில் கிடப்பது சாதாரண மீன்தான். சதையில் விஷம் கிடையாது. முள்ளின் விஷம்கூட புரதம் என்பதால் சூட்டில் செயலிழந்துவிடும். கணக்கர் கையில் கட்டுப் போட்டிருந்தாரே, அவர் செய்ததும் அதுதான்: படகிலேயே ஃபிளாஸ்கில் வெந்நீர் வைத்திருப்பார்களாம், தாங்குகிற சூட்டில், கிட்டத்தட்ட 45 டிகிரியில், கையை முக்கி வைத்துக்கொண்டே கரைக்கு வந்திருக்கிறார். வலி சாயங்காலம் வரை இருந்ததாம். கெளுத்தி முள் குத்தினால் எங்கள் வீட்டிலும் சுடுதண்ணீர் வைத்தியம்தான் முதலில். மூச்சு முட்டினாலோ வீக்கம் மேலே ஏறினாலோ வெந்நீரோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி சமையல். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விளமீனுக்கு இது ஒரு படி கீழே, சால்மனுக்குப் பத்துப் படி மேலே.

சதை வெள்ளை வெளேரென்று, வாடை இல்லாமல், வெந்ததும் இதழ் இதழாகப் பிரியும். எங்கள் வீட்டு அரைத்த குழம்பில், அதாவது தேங்காய், சின்ன வெங்காயம், சீரகம் அரைத்துப் புளியும் மாங்காயும் போட்டு வைக்கிற குழம்பில், முள்ளில்லாத துண்டமாகப் போட்டால் கரைந்தே போகும். அமெரிக்கர்கள் தோலை உரித்து, நடு எலும்பை நீக்கி, மெல்லிய துண்டமாக எடுக்கிறார்கள். அரைக் கிலோ மீனில் இப்படித் தேறுவது மூன்றில் ஒரு பங்குதான். மீதி தலையும் எலும்பும் குப்பைக்குப் போவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். நடு முள்ளோடு இரண்டாக வெட்டி, தலையையும் சேர்த்துக் குழம்பில் போடுங்கள். தலையில்தான் சாறு. கன்னத்தில் சின்ன முட்கள் இருக்கும், அவை விஷமுள் இல்லை, உறிஞ்சும்போது உதட்டில் குத்தாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

குழம்பைவிடச் சொதிதான் இதற்குப் பொருத்தம். தேங்காய்ப்பால், பச்சை மிளகாய், இஞ்சி, மஞ்சள், கடைசியில் எலுமிச்சை. மீனைப் போட்டபின் கரண்டியே போடக் கூடாது, சட்டியைப் பிடித்து ஒரு சுழற்று. அன்று கணக்கருக்கு இதைத்தான் வைத்தேன். அவர் சோற்றை விட்டுவிட்டுச் சொதியைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தார், பந்தயம் அதோடு முடிந்தது. அவர்கள் ஊர்ப் பக்கம் இதை எலுமிச்சைச் சாற்றில் பச்சையாக ஊறவைத்து, வெங்காயம், கொத்தமல்லி போட்டு செவிச்சே என்று தின்கிறார்கள். நானும் ஒரு கரண்டி தின்றேன். மரியாதைக்குத்தான்.

மிஞ்சியதை உதிர்த்துப் புட்டு செய்யலாம். சுறாப்புட்டின் அந்தக் காரமான வாசம் வராது, ஆனால் மிளகு கொஞ்சம் தூக்கலாகப் போட்டால் குழந்தைகள் கேட்டு வாங்கித் தின்கிறார்கள்.

ஒன்று மட்டும் சமையலால் தீராது. வெப்பக்கடல் பார்களில் சிகுவாட்டெரா என்கிற நச்சு உண்டு. பாரில் வளரும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து தொடங்கி, சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்னச் சேர்ந்துகொண்டே போகும். கொதித்தாலும் போகாது, உறைந்தாலும் போகாது. கலவா, சீலா எல்லாவற்றுக்கும் உள்ள அதே ஆபத்துதான் இது. வர்ஜின் தீவுகள் பக்கம் பிடித்த சில சிங்கமீன்களில் அளவுக்கு மேல் இருந்திருக்கிறது. எந்தக் கடலில் பிடித்தது என்று சொல்லத் தெரிந்த ஆளிடம் மட்டும் வாங்குவது என் வழக்கம். தூத்துக்குடியிலும் அப்படித்தானே வாங்கினோம்.

கீ லார்கோவில் ரீஃப் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 2009 முதல் சிங்கமீன் பிடிக்கும் போட்டிகளை நடத்துகிறார்கள். கணக்கர் போன ஒரு போட்டிக்கு நாங்களும் குடும்பத்தோடு வேடிக்கை பார்க்கப் போனோம். எனக்கு அது போட்டியாகவே தெரியவில்லை, ஏலக்கூடமாகத்தான் தெரிந்தது. வரிசையாக ஐஸ் பெட்டி, நீள மேசை, ஒருத்தர் அளவுகோலில் மீனை வைத்து நீளம் கத்த, இன்னொருத்தர் எழுத. பக்கத்திலேயே கத்தரிக்கோலோடு நான்கைந்து பேர் முள்ளை வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் என்னைவிட வேகம், ஒத்துக்கொள்கிறேன்.

மேசையின் கடைசியில் ஓர் ஆராய்ச்சி மாணவி வயிறுகளைக் கீறிக்கொண்டிருந்தாள். என் பெரியவள் அங்கேயே நின்றுவிட்டாள். கையகல மீன் ஒன்றின் வயிற்றிலிருந்து மூன்று பொடி இறால், பாதி கரைந்த ஏதோ ஒரு மீன், அப்புறம் கெடாமல் முழுசாக ஒரு குட்டிக் கிளிமீன் வந்தது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை, வாயில் அந்த அலகு மட்டும் அப்படியே தெரிந்தது. “இது இன்றைக்குக் காலையில் தின்றது” என்றாள் அந்த மாணவி. கொழுப்பையும் காட்டினாள். குடலைச் சுற்றி வெள்ளையாக மொத்தையாக இருந்தது. இவ்வளவு கொழுப்பு வைத்த பார் மீனை நான் பார்த்ததில்லை. தின்னத் தின்ன வந்துகொண்டே இருக்கிறது, பட்டினி என்றால் என்னவென்றே இவற்றுக்குத் தெரியாது.

இதைவிடப் பெரிய போட்டி மாநிலத்தின் வடமேற்கில் டெஸ்டின் நகரில் நடக்கிறது. 2019 இல் அங்கே, முன்போட்டியையும் சேர்த்து, 19,167 மீன்களை எடுத்தார்கள். எண்ணிக்கை கேட்க மலைப்பாக இருக்கிறது. கூடவே ஒரு மீன் போடும் முட்டைக் கணக்கையும் நினைத்தால் அந்த மலைப்பு இறங்கிவிடும்.

இங்கேதான் எனக்கு இந்த ‘தின்று ஒழிப்போம்’ கோஷங்களோடு ஒட்டாமல் போகிறது. ஒழியாது. சிலிண்டர் கட்டியவர்கள் முப்பது, நாற்பது மீட்டர் வரை இறங்கலாம். சிங்கமீனை நீர்மூழ்கியிலிருந்து 300 மீட்டர் ஆழத்தில் பார்த்திருக்கிறார்கள். மேலே காலி செய்த இடத்தைக் கீழேயிருந்தும், நீரோட்டத்தில் மிதந்து வரும் குஞ்சுகளாலும் கடல் நிரப்பிக்கொள்கிறது. ஆழத்துக்கென்று மடித்து விரியும் வலைப்பொறி ஒன்றை அமெரிக்கக் கடல் ஆய்வுத் துறையின் ஸ்டீவ் கிட்டிங்ஸ் வடிவமைத்திருக்கிறார். அதுமாதிரி ஏதாவது பரவலாக வந்தால்தான் ஆழத்து மீனுக்கு வழி பிறக்கும்.

ஆனால் ஒழிக்காமலே பலன் உண்டு என்பதையும் அதே பஹாமாஸில் நிரூபித்திருக்கிறார்கள். 2014 இல் வந்த ஆய்வு அது. ஒரு பாரில் சிங்கமீனை முழுக்க எடுக்க வேண்டியதில்லை, ஓர் அளவுக்குக் கீழே வைத்திருந்தால் போதும், அந்த ஊர் மீன்களின் எடை 50 முதல் 70 சதவீதம் வரை கூடியது. ஆனால் வைத்திருந்தால் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வாராவாரம் யாராவது இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டு வாசலைப் பெருக்குவது மாதிரி முடிவே இல்லாத வேலை. முடிவில்லாத வேலைக்கு ஆள் வேண்டும் என்றால் அதில் கொஞ்சம் காசு கிடைக்க வேண்டும். அந்தக் காசுக்காகத்தான் நாம் தின்ன வேண்டும் என்பது என் கட்சி.

காசு என்றதும், அப்படியானால் பிடிக்கிறவனே மீனை வளர்க்க ஆரம்பித்துவிட மாட்டானா என்று சிலர் கேட்பதுண்டு. 1902 இல் ஹனோயில் பிரெஞ்சு அரசு எலி வாலுக்குக் காசு கொடுக்கப் போய், ஜனங்கள் எலி வளர்த்த கதை இருக்கிறதே. இங்கே அந்தப் பயம் எனக்கு இல்லை. மீனை ஒவ்வொன்றாகக் குத்தித்தான் எடுக்க வேண்டும். தூண்டிலில் ஏறக்குறைய சிக்கவே சிக்காது. ஒரு படகு, டீசல், சிலிண்டர், இரண்டு ஆள் உழைப்பு போனால் அந்த வேலையில் பணக்காரர் ஆவதற்கு வழியே இல்லை. அதனால்தான் விலையும் சங்கராவைவிட ஏறி நிற்கிறது. 2016 இல் ஹோல் ஃபுட்ஸ் என்கிற பெரிய மளிகைக் கடை நிறுவனம் தன் ஃபுளோரிடாக் கடைகளில் விற்கத் தொடங்கியபோது பெரிய செய்தியானது. இன்றைக்கும் நான் கடைக்குப் போய்க் கேட்டால் ‘வந்தால் உண்டு’ என்பதுதான் பதில். தொல்லை என்கிறார்கள், கடல் நிறைய இருக்கிறது என்கிறார்கள், ஆனால் கடையில் தங்க விலை. என் வீட்டுக்காரருக்கு இந்தப் பொருளாதாரம் இன்னும் பிடிபடவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபுளோரிடாப் பவளத்துக்கு இந்த மீன் ஒன்றுதான் எமன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2014 இல் மயாமி பக்கம் ஆரம்பித்த ஒரு திசு நோய் பாரையே தின்றுகொண்டு போனது. 2023 கோடையில் கடல் கொதித்து, பவளங்கள் வெளுத்துச் செத்தபோது, பவளத்தை வளர்க்கிறவர்கள் கன்றுகளைக் கடலிலிருந்து எடுத்துக் கரையில் தொட்டியில் வைத்துக் காப்பாற்றினார்கள். அந்தச் சூட்டுக்கு நான் எத்தனை சட்டி சொதி வைத்தாலும் ஒன்றும் ஆகாது. சூட்டில் அடிபட்டும் உயிரோடு மிஞ்சியிருக்கிற பவளத்தின் மேல் பாசி படராமல் இருக்க கிளிமீன் வேண்டும், கிளிமீன் வளர வேண்டும். அந்த அளவுக்குத்தான் என் பங்கு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். உணவகங்களும் கடைகளும் பெரிய மீனாகத்தான் கேட்கின்றன. துண்டம் எடுக்க முக்கால் கிலோ, ஒரு கிலோ இருந்தால்தான் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். கையகலக் குட்டியை யாரும் வாங்குவதில்லை. அதனால் காசுக்குப் பிடிக்கிறவர் குட்டியைக் கண்டால் ஈட்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார். நாளைக்கு வளரட்டும், அப்புறம் எடுக்கலாம் என்ற கணக்கு. அதற்குள் அது முட்டையும் போட்டுவிடும், ஒரு பாரும் காலியாகிவிடும். அந்த மாணவி கீறிய வயிறும் கையகலக் குட்டியுடையதுதான். ரீஃப் போட்டியில் மிகச் சின்ன மீனுக்கும் ஒரு பரிசு வைத்திருப்பது இதற்காகத்தான் இருக்க வேண்டும்.

குட்டி மீனைத் துண்டம் போட வேண்டும் என்று யார் சொன்னது? சூடையும் நெத்திலியும் தின்று வளர்ந்த நமக்கு அது ஒரு விஷயமா? இந்தப் பக்கம் இருக்கிற தமிழ், மலையாள, வங்காளக் குடும்பங்கள் மீன் பிடிக்கிறவர்களிடம் குட்டியையும் எடுத்துவா, நான் காசு தருகிறேன் என்று கேட்க ஆரம்பித்தால் போதும். நான் கேட்கிறேன். கணக்கர் முதலில் சங்கடப்பட்டார், குட்டியை விலைக்குக் கொடுப்பதா என்று. இப்போது தனியாக ஒரு பையில் போட்டுக் கொண்டுவருகிறார், பெட்ரோலுக்கு ஆச்சு என்கிறார்.

செய்முறை இதுதான். பதினெட்டு முள்ளையும் வெட்டி, குடல் எடுத்து, செதில் உரசி, தலையோடு முழுசாக வையுங்கள். இரண்டு பக்கமும் மூன்று கீறல். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், கொஞ்சம் மிளகு, உப்பு, பூண்டும் சோம்பும் தட்டியது, எலுமிச்சை. அரை மணி ஊறினால் போதும், அதற்கு மேல் ஊறினால் சதை குழைந்துவிடும். இரும்புக் கல்லில் நல்லெண்ணெய் காய்ந்ததும் போட்டு, முதல் பக்கம் நன்றாகச் சிவக்கும் வரை கை வைக்காதீர்கள், அவசரப்பட்டுத் திருப்பினால் தோல் கல்லோடு போய்விடும். பக்கத் துடுப்பை வெட்டாமல் விட்டால் அப்பளம் மாதிரி முறுகி வரும், என் சின்னவள் அதை மட்டும் பிய்த்துத் தின்பாள். கறிவேப்பிலையை அடுப்பை அணைக்கும்போது போடுங்கள்.